நசுக்கிய மிளகளவு வெள்ளி

நாஞ்சில் நாட்டு வரலாறு – 23

சென்ற இதழில் 1741 ஆகஸ்டில் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்கள் தோற்றதைப் பார்த்தோம். போரைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். போர் முடிந்த மறுநாள் சந்தையில் என்ன கைமாறியது என்பதை எழுதுகிறவர்கள் குறைவு. கோட்டாறு சந்தையில் உப்பும் கருவாடும் வாங்கியவர், பறளியாற்றுப் பாசனத்தில் விளைந்த நெல்லை விற்றவர், இரணியலில் நெசவு நெய்து கூலி வாங்கியவர், இவர்கள் எல்லோருடைய கையிலும் புழங்கிய காசைப் பற்றி இந்த வாரம் பேசலாம். அதன் பெயர் சக்கரம்.

திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்கு அது காசு என்று நம்புவதே கடினம். எடை அரைக் கிராம்கூட வராது. ஏறத்தாழ 0.36 முதல் 0.38 கிராம் வரைதான். நசுக்கிய மிளகளவு இருக்கும். மேலே புள்ளிகளும் கோடுகளும் தெரியும். அச்சு நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்த காசுகளே மிகுதி. கணக்கு இப்படி: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை. இந்த அரைச் சக்கர வித்தியாசத்தை மறந்துவிட வேண்டாம், பிறகு அதற்கு வருவோம்.

இவ்வளவு சிறிய காசை எப்படி எண்ணினார்கள்? ஆயிரம் சக்கரம் சேர்ந்தாலும் இரண்டு கைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றாக எடுத்து எண்ண உட்கார்ந்தால் கஜானாவில் பொழுது சாய்ந்துவிடும். அதற்காகவே சக்கரப் பலகை என்று ஒன்றைச் செய்து வைத்திருந்தார்கள். பலகை முழுக்கச் சக்கரத்தின் அளவுக்கே குடைந்த குழிகள், வரிசை வரிசையாக இருக்கும். ஒரு குழியில் ஒரு சக்கரம்தான் உட்காரும். கணக்கர் காசை அள்ளிப் பலகைமேல் கொட்டி, இரு கையாலும் பிடித்து லேசாக அசைப்பார். காசுகள் உருண்டுபோய்க் குழிகளில் விழும். மிஞ்சியதைக் கையால் வழித்துவிட்டால் பலகையில் இருப்பது இத்தனை என்பது தெரிந்துவிடும். எண்ணவே வேண்டாம், குழி காலியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இங்கே வந்த வெளிநாட்டார் இதைக் கண்டு வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். வியக்கத்தக்கதுதான். காசை அளப்பதற்கு நெல்லை அளப்பதுபோல ஒரு கருவியைக் கண்டுபிடித்த ஊர் இது. தென்திருவிதாங்கூரின் பழைய வியாபாரக் குடும்பங்கள் சிலவற்றில் அந்தப் பலகை இன்றும் பரணில் கிடக்கக்கூடும்.

இந்த இடத்தில் வாசகரை வெகுதூரம் அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. சக்கரத்தோடு ஒப்பிட, பழங்காலக் கிரேக்கத்தின் ஏதன்ஸ் நகர அரசுக்கு.

ஏதன்ஸ் நம்முடைய நாஞ்சில் நாட்டுக்கு முற்றிலும் அந்நியமான ஊர் அல்ல. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில் எகிப்திலிருந்து வந்த ஒரு கிரேக்க மாலுமி எழுதிய 'எரித்ரையக் கடல் வழிநூல்' குமரி முனையையும் அங்கே நீராடித் தவம் இருந்தவர்களையும் சொல்கிறது. அடுத்த நூற்றாண்டில் புவியியலாளர் தாலமி குமரியைக் குறிப்பதோடு கொட்டியாரா என்றொரு தலைநகரையும் குறிப்பிடுகிறார். அதை நம் கோட்டாறு என்றே அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோட்ஸ், கிரீட் முதலிய கிரேக்கப் பகுதிகளின் பழங்காசுகளே கிடைத்திருக்கின்றன. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி 2000-ல் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். ஆக, கிரேக்கக் காசும் தமிழ் மண்ணும் ஒன்றையொன்று தொட்டவைதான்.

ஏதன்ஸின் பெரிய வெள்ளிக்காசு உலகப் புகழ் பெற்றது. ஒரு பக்கம் அதீனா தேவியின் தலை. மறுபக்கம் அவளுடைய பறவையான ஆந்தை, ஒலிவக் கிளை, பிறை, ஊர்ப்பெயரின் மூன்று எழுத்துகள். எடை 17.2 கிராம். நான்கு திராக்மா பெறும். எகிப்திலும் சிரியாவிலும் பாபிலோனிலும் வணிகர்கள் அதை மறுபேச்சின்றி வாங்கினார்கள். கிரேக்கச் சிற்பக்கலை வளர்ந்து எங்கோ போய்விட்ட பிறகும் காசில் அதீனாவின் கண்ணைப் பழைய பாணியிலேயே வைத்திருந்தார்கள். முகத்தை மாற்றினால் வெளியூர்க்காரன் சந்தேகப்படுவான்.

வரலாற்று நூல்கள் எல்லாம் இந்தப் பெரிய ஆந்தையையே படமாகப் போடுகின்றன. ஏதன்ஸ் நகரவாசியின் கையில் அன்றாடம் புழங்கியது அது இல்லை. ஒரு திராக்மாவுக்கு ஆறு ஓபல். ஓபல் 0.72 கிராம். அதில் பாதி அரை ஓபல், 0.36 கிராம். நம்முடைய சக்கரத்தின் எடை! ஒருவரையொருவர் அறியாத இரண்டு சிறிய அரசுகள், இரண்டாயிரம் ஆண்டு இடைவெளியில், சாமானியனின் வெள்ளிக்காசு இவ்வளவுதான் இருக்க முடியும் என்று ஏறக்குறைய ஒரே எடைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வெள்ளி விலை உயர்ந்தது, அன்றாடச் சாமான்கள் மலிவு. ஒரு வேளைக்கு வேண்டிய மீனுக்கும் காய்க்கும் வெள்ளியில் விலை சொல்ல வேண்டுமானால் காசு இப்படிச் சிறுத்துத்தான் ஆக வேண்டும். தென்னிந்தியத் தங்கப் பணங்களும் இதே காரணத்தால்தான் அரைக் கிராமுக்குள் அடங்கின.

ஏதன்ஸ்காரர்கள் இந்தப் பொடிக்காசைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு சந்தைக்குப் போனார்கள். அரிஸ்டோபனீஸ் கி.மு. 422-ல் அரங்கேற்றிய 'குளவிகள்' நாடகத்தில், நீதிமன்றத்தில் உட்கார்ந்ததற்கான மூன்று ஓபல் கூலியை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் கிழவர் ஒருவர் வருகிறார். இறந்தவர் வாயில் ஓர் ஓபல் வைத்து அனுப்பும் வழக்கமும் அவர்களுக்கு உண்டு. மறுகரைக்குக் கொண்டு சேர்க்கும் ஓடக்காரனுக்கான கூலி அது. நெற்றியில் காசு வைத்து அனுப்புகிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, வெள்ளி எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. இதில்தான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன.

ஏதன்ஸுக்குச் சொந்தச் சுரங்கம் இருந்தது. நகருக்குத் தெற்கே லாவ்ரியம் மலைப்பகுதி. கி.மு. 483-ல் அங்கே புதிய வெள்ளி அடுக்கு ஒன்று கிடைத்தபோது, அதைக் குடிமக்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்று பேச்சு எழுந்தது. ஏதன்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ் அதைத் தடுத்து, போர்க்கப்பல்கள் கட்ட வைத்தார். மூன்றே ஆண்டுகளில் சலாமிஸ் கடற்போரில் பாரசீகக் கடற்படையை வென்றது அந்தக் கப்பல்களால்தான். திருவிதாங்கூரில் வெள்ளிச் சுரங்கம் கிடையாது. ஒரு குன்றிமணி வெள்ளிகூட இந்த மண்ணில் விளையவில்லை. நமக்கு விளைந்தது மிளகு. மேற்கே ரோமானியர் காலத்தில் முசிறிக்கு வந்த பணம் முதல், டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் கொண்டுவந்த வெள்ளி வரை, எல்லாம் மிளகுக்கு ஈடாக வந்தவை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா மிளகு வணிகத்தை அரசின் ஏகபோகமாக்கியது இதற்காகத்தான். குளச்சலில் நடந்ததும் மிளகுக்கான போர். மிளகு வெளியே போனது, வெள்ளி உள்ளே வந்தது, அதைத் துண்டாக்கி எடை பார்த்து, இரு அச்சுகளுக்கிடையே வைத்து அடித்துச் சக்கரமாக்கியது அரசின் கம்மட்டம். வேலை செய்யும் முறை ஏதன்ஸிலும் இதுதான்: கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு, ஒரு சுத்தியல்.

லாவ்ரியத்து வெள்ளியைத் தோண்டியவர்கள் அடிமைகள். நிக்கியாஸ் என்ற தளபதி ஆயிரம் அடிமைகளைச் சுரங்கத்துக்கு வாடகைக்கு விட்டு, ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபல் வாங்கினார் என்று செனபோன் எழுதியிருக்கிறார். கி.மு. 413-ல் ஸ்பார்ட்டாப் படை ஏதன்ஸ் நாட்டுக்குள் நிலைகொண்டபோது இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் தப்பியோடிவிட்டார்கள். ஆந்தையின் பளபளப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும். நாமும்தான். நாஞ்சில் நாட்டு வயலில் வெள்ளி விளையவில்லை, ஆனால் வயலோடு சேர்த்து மனிதர்களும் விற்கப்பட்டார்கள். அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தேடி எடுத்தார், பின்னர் அ.கா. பெருமாள் ஆராய்ந்து வெளியிட்டார். நிலமும் நீரும் வரியும் மட்டுமா அந்தப் பழைய ஆவண உலகில் விலை பேசப்பட்டன? மனிதனுக்கும் பணக்கணக்கில் விலை எழுதப்பட்டது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1855-ல். அதுவரை இந்தப் பொடி வெள்ளி கைமாறிய இடங்களில் இதுவும் ஒன்று. நாஞ்சில் நாட்டின் செழிப்பைப் பாடும் எந்த வரலாறும் இதை விட்டுவிட்டு எழுதப்படக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

காசின் மேல் யார் முகம் இருக்க வேண்டும் என்பதிலும் இரு ஊர்களுக்கும் ஒற்றுமை உண்டு. ஏதன்ஸின் பொற்காலத்துக் காசில் எந்த மனிதனின் முகமும் கிடையாது. அதன் பெருந்தலைவர் பெரிக்ளீஸுக்கே இல்லை. தேவிதான், தேவியின் பறவைதான். 1750-ல் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டை ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்து, தாம் அவருடைய தாசனாக இருந்து ஆண்டார். தங்கத்தில் அடித்த அனந்தராயன் பணத்தின் பெயரே அதைச் சொல்லும். பின்னாளில் இயந்திரத்தில் அடித்த வெள்ளிப் பணத்திலும் கால் ரூபாயிலும் அரை ரூபாயிலும் பத்மநாபனின் சங்குதான் முத்திரை. மன்னரின் பெயர் எழுத்துகளாக வந்தது. மன்னர் சித்திரைத் திருநாள் காலத்துச் செம்புச் சக்கரத்தில் 1938-39-ல்தான் மன்னரின் உருவம் அன்றாடக் காசில் ஏறியது. நாடு கடவுளுக்குச் சொந்தம் என்று சொல்வதில் அரசியல் லாபமும் இருந்தது. கிளர்ச்சி செய்கிறவன் மன்னனை எதிர்க்கவில்லை, கடவுளை எதிர்க்கிறான் என்றாகிவிடும். ஏதன்ஸும் அதே உத்தியைக் கையாண்டது. நட்பு நாடுகளிடம் வாங்கிய கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு அதீனாவுக்குக் காணிக்கையாக எடுத்து வைக்கப்பட்டது.

கப்பம் என்ற சொல் வந்துவிட்டது. இந்த அத்தியாயத்தின் கனமான பகுதி இதுதான்.

கி.மு. 454-ல் டிலோஸ் தீவில் இருந்த, தன் தலைமையிலான கூட்டணியின் கஜானாவை ஏதன்ஸ் தன் நகருக்கே கொண்டுவந்துவிட்டது. அதன்பின் தன் காசையும் எடையையும் அளவையையும் நட்பு நாடுகளும் பின்பற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. ஏதன்ஸ் வாங்கிய ஊர். திருவிதாங்கூர் கொடுத்த ஊர். 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனியோடு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். முன்பு கட்டியதைப்போல இரு மடங்கு. இருபத்தெட்டரைச் சக்கரம் வீதம் பெருக்கிப் பாருங்கள்: 2 கோடியே 28 லட்சம் சக்கரம். ஒவ்வோர் ஆண்டும். சக்கரத்தில் வரி கொடுத்தவர்கள் நாஞ்சில் நாட்டு விவசாயியும் பனையேறியும் வலைக்காரரும். அவர்கள் 28 சக்கரத்தை ஒரு ரூபாய் என்று எண்ணிக் கொடுத்தார்கள். கம்பெனியின் ரூபாய்க்கு அரைச் சக்கரம் கூடுதலாகத் தேவைப்பட்டது. 8 லட்சம் ரூபாயில் அந்த அரைச் சக்கரம் மட்டும் 4 லட்சம் சக்கரம் ஆகிறது.

நாஞ்சில் நாட்டுக்காரர்கள் வரியைப் பேசாமல் கட்டிவிட்டுப் போகிற ஜாதி இல்லை என்பது தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். 1799-ல் திருவிதாங்கூர் அமைச்சர் ஜயந்தன் சங்கரன் நம்பூதிரியும் அவருடைய இரு கூட்டாளிகளும் அதிகாரிகளிடமும் செல்வர்களிடமும் கட்டாயத் தொகை பிடுங்கியபோது, கல்குளத்தை அடுத்த தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி மறுத்தெழுந்து, தெற்கிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போய் நின்றார். மூவரும் பதவி இழந்தார்கள். அதே வேலுத்தம்பி பிறகு தளவாயாகி, 1805 உடன்படிக்கைக்குத் துணைநின்று, கப்பப் பாக்கிக்காகக் கம்பெனியின் ரெசிடென்ட் மெக்காலே நெருக்கியபோது திரும்பி நின்று போரிட்டார். 1809 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை அரல்வாய்மொழிக் கோட்டை வரிசையை உடைத்து உள்ளே புகுந்தது. நாகர்கோவில், உதயகிரி, பத்மநாபபுரம் எல்லாம் வரிசையாக விழுந்தன. அரல்வாய்மொழியில் சிந்திய ரத்தத்துக்குக் கொள்கைக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. அடிப்படைக் காரணம் பாக்கிப் பணம்.

போரில் தோற்ற பிறகும் சக்கரம் சாகவில்லை. இந்தியாவில் எத்தனையோ சமஸ்தானங்களின் காசுகள் பிரிட்டிஷ் ரூபாய்க்கு வழிவிட்டு மறைந்தன. இங்கே ரூபாய் மேல்தட்டில் வந்து உட்கார்ந்தது. சந்தையில் சக்கரமும் காசுமே ஓடின. அரல்வாய்மொழிச் சௌக்கையைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குள் போனால் அணாவும் பைசாவும். அங்கே சக்கரத்துக்கு வெள்ளி விலைதான், காசு மதிப்பு இல்லை. 1865-ல் பிரிட்டிஷ் இந்தியாவோடு சுங்க உடன்பாடு வந்து சரக்குகள் தடையின்றிப் போக ஆரம்பித்தபின்னும் காசு மட்டும் அரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டவில்லை. ஏதன்ஸின் ஆந்தை பாபிலோன் வரை பறந்தது, சுரங்கத்தில் தோண்டிய வெள்ளி ஏற்றுமதிச் சரக்காக இருந்ததால். சக்கரம் ஊருக்குள்ளேயே சுற்றியது, விலைக்கு வாங்கிய வெள்ளியை வெளியே விடக்கூடாது என்பதால். 1888-ல் திருவிதாங்கூர் அஞ்சல் தன் முதல் தபால்தலைகளை வெளியிட்டபோதும் விலையைச் சக்கரத்தில்தான் அச்சிட்டது: ஒன்று, இரண்டு, நான்கு சக்கரம். நடுவில் அதே சங்கு.

வெள்ளிச் சக்கரத்தைக் கொன்றது போர் இல்லை, வெள்ளியின் விலை. 1870-களில் ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியது. அமெரிக்கச் சுரங்கங்கள் வெள்ளியைக் கொட்டின. உலகெங்கும் வெள்ளி மலிந்தது. 1893-ல் பிரிட்டிஷ் அரசு, பொதுமக்கள் வெள்ளியைக் கொண்டுவந்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமையை நிறுத்தி, ரூபாயின் மதிப்பை வெள்ளி விலைக்கு மேலே தூக்கி நிறுத்தியது. சக்கரமோ ரூபாயோடு கட்டப்பட்டது. அதில் இருந்த வெள்ளியின் விலை குறைவு, காசாக அதன் மதிப்பு அதிகம். வெள்ளி வாங்கத் தெரிந்த எந்தத் தட்டானும் நல்ல வெள்ளியிலேயே கள்ளச் சக்கரம் அடித்து லாபம் பார்க்கலாம் என்ற நிலை. புள்ளியும் கோடும் மட்டுமே உள்ள காசில் அசல் எது, போலி எது? ஏதன்ஸ் இதே சங்கடத்தைக் கி.மு. 375-ல் சட்டம் போட்டுச் சமாளிக்கப் பார்த்தது. சந்தையில் ஒரு பரிசோதகர், பிரேயஸ் துறைமுகத்தில் இன்னொருவர். இருவரும் அரசின் அடிமைகள். கள்ளக்காசைக் கண்டால் அங்கேயே வெட்டிவிட வேண்டும். கடமை தவறினால் ஐம்பது கசையடி. அந்தச் சட்டம் பொறித்த கல் 1970-ல் ஏதன்ஸ் சந்தைத் திடலில் தோண்டி எடுக்கப்பட்டது. திருவிதாங்கூர் வேறு வழி எடுத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சக்கரத்தையே செம்பாக மாற்றியது. பெரிதாக, வட்டமாக, இயந்திரத்தில் அடித்து. சக்கரப் பலகைக்கு வேலை இல்லாமல் போனது.

செம்புச் சக்கரமும் வெள்ளிப் பணமும் அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகின. தனிக்காசின் காலம் முடிந்தது. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது சக்கரம் மக்கள் பேச்சில் மட்டுமே மிச்சமிருந்தது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பழம்பெட்டியில் சக்கரம் இருந்தால் புளி போட்டுத் துலக்காதீர்கள். அச்சின் கோடுகள் தேய்ந்துபோகும். எடைக்குப் போட்டு உருக்கவும் விடாதீர்கள். ஒரு காசில் இருக்கும் வெள்ளி சல்லிக்குப் பெறாது. பரணில் குழி குழியாக ஒரு பலகை கிடந்தால் அதை விறகோடு சேர்த்துவிட வேண்டாம். படம் எடுத்து, யாருடைய வீட்டில் எந்தத் தொழிலுக்குப் பயன்பட்டது என்று பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். நிலத்தில் புதையலாகக் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். கன்னியாகுமரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கேட்டால் வழி சொல்வார்கள்.

அடுத்த இதழில், 1809-க்குப் பிறகு நாஞ்சில் நாட்டு வயல்களின் வரிக்கணக்கு.